தாயின் எழுத்தறிவும் வீட்டுப் பாடமும்

தாய் படித்திருந்தால் பிள்ளையும் படிக்கும் என்பது கல்வி ஆய்வில் பழகிப்போன முடிவு. ஆனால் படித்த தாய் பெரும்பாலும் வசதியான வீட்டில், படித்த கணவனுடன், நல்ல பள்ளி உள்ள ஊரில் வாழ்கிறாள். பிள்ளையின் தேர்ச்சியில் அவளுடைய எழுத்தறிவுக்கு எவ்வளவு பங்கு, சூழலுக்கு எவ்வளவு என்பதைப் பள்ளி ஆண்டுகளின் கணக்கு மட்டும் சொல்லிவிடாது.

இந்தச் சிக்கலைப் பிரித்துப் பார்க்க முயன்றவர்களுள் பெர்மன், ஃபாஸ்டர், ரோசன்ஸ்வைக், வசிஷ்டா ஆகியோர் முக்கியமானவர்கள். 1999இல் வெளிவந்த அவர்களது ஆய்வு, 1968 முதல் 1982 வரையிலான இந்தியக் கிராமக் குடும்பங்களின் தரவை எடுத்துக்கொண்டது. பசுமைப் புரட்சிக்குப் பின் ஆண்களின் படிப்புக்கு வருவாய் மதிப்பு ஏறியது. அதையொட்டிப் பெண்களின் எழுத்தறிவும் வளர்ந்தது ஏன்? பிள்ளைகளை உட்காரவைத்துப் படிக்கச் செய்யும் மனைவியை வீடுகள் நாடத் தொடங்கின என்பது அவர்கள் தரும் விடைகளுள் ஒன்று. பெண்ணின் படிப்பைத் திருமணச் சந்தையைக் கொண்டு விளக்குவது சற்றுக் கசக்கத்தான் செய்கிறது. எனினும் தாயின் எழுத்தறிவு வேலை செய்யும் இடம் மாலைநேரத்து வீடுதான் என்பதை அது அடையாளம் காட்டிவிடுகிறது.

அப்படியானால், எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு எழுத்தைக் கற்பித்தால் பிள்ளைக்குப் பயன் உண்டா? பானர்ஜி, பெர்ரி, ஷாட்லண்ட் ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதையே சோதித்தது. பீகாரிலும் ராஜஸ்தானிலும் கிராமங்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டன. ஒரு பிரிவில் தாய்மாருக்கு மொழியும் கணக்கும் கற்பிக்கும் வகுப்பு நடந்தது. இன்னொன்றில், பிள்ளையின் பாடத்தில் தாய் எப்படி ஈடுபடலாம் என்று காட்டும் பயிற்சி. மூன்றாவது பிரிவுக்கு இரண்டும் கிடைத்தன. ஒப்பீட்டுக்காக நான்காவது பிரிவு விடப்பட்டது. மூன்று வழிகளிலும் பிள்ளைகளின் கணக்குத் திறன் கூடியது, ஆனால் சிறிதளவே. வகுப்பு வைக்காமல் பயிற்சி மட்டும் தந்த இடத்திலும் பயன் தெரிந்தது என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. எழுத்து தெரியாத தாயும் பிள்ளையின் நோட்டைத் திறந்து பார்க்கலாம், இன்று என்ன நடத்தினார்கள் என்று கேட்கலாம். எழுத்தறிவு இத்தகைய ஈடுபாட்டுக்குத் துணை. ஈடுபாட்டுக்கு மாற்று ஆகாது.

ஈடுபாடும் ஒரே வகையானது அன்று. அமெரிக்கக் கரோலினா பகுதியில் ஷர்லி பிரைஸ் ஹீத் நடத்திய களஆய்வு 1983இல் நூலாக வந்தது. ‘ரோட்வில்’, ‘டிராக்டன்’ என்று அவர் புனைபெயரிட்ட இரு சமூகங்களிலும் ஆலைத் தொழிலை நம்பிய குடும்பங்கள் வாழ்ந்தன. பெரியவர்களுக்கு எழுத்தும் தெரியும். வெள்ளையரின் ரோட்வில்லில் படப்புத்தகத்தைக் காட்டிப் பெயர் கேட்பது வழக்கம். அந்தப் பிள்ளைகள் தொடக்க வகுப்புகளில் தேறினர். சொந்தமாக யோசித்து எழுதச் சொன்ன வகுப்புகளில் பின்தங்கினர். கறுப்பினத்தவரின் டிராக்டனில் பிள்ளைகள் கதை கட்டுவதிலும் ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடுவதிலும் வல்லவர்கள். தொடக்கப் பள்ளி கேட்டதோ பெயர்களை மட்டும். அவர்களுடைய திறனுக்குப் பள்ளியில் இடம் வந்தபோது பலர் அதற்குள் பின்தங்கிப்போயிருந்தனர்.