நொதி நிலைப்படுத்தலின் தொடக்கம்: 1916-ஆ, 1969-ஆ?

நொதிகளைத் திண்மத் தாங்கிகளில் நிலைப்படுத்தும் முறையின் வரலாற்றை 1916-இலிருந்து தொடங்குவது மரபு. அவ்வாண்டில் நெல்சன், கிரிஃபின் ஆகிய இருவரும், கரியின் மேற்பரப்பில் படிந்த இன்வர்டேஸ் நொதி கரும்புச் சர்க்கரையைப் பிளக்கும் ஆற்றலை இழக்கவில்லை எனக் கண்டனர். ஆயினும் அவர்கள் ஆராய்ந்தது நொதிவினையின் இயல்பையே. நொதியை மீளப் பயன்படுத்துவது அவர்தம் நோக்கமன்று. முன்னோடிகள் என்பது பிற்காலத்தார் அவர்களுக்குச் சூட்டிய பெயரேயாகும்.

மீளப் பயன்படுத்தும் தேவை தொழிற்சாலையில் பிறந்தது. ஜப்பானின் தனபே செய்யாகு நிறுவனம் அமினோஅசைலேஸ் நொதியைக் கொண்டு, அசைல் ஏற்றிய டிஎல்-அமினோ அமிலங்களிலிருந்து எல்-அமினோ அமிலங்களைப் பெற்று வந்தது. கரைசலில் கலந்த நொதியை ஒவ்வொரு முறையும் இழக்க நேர்ந்தது. விளைபொருளிலிருந்து புரதத்தை நீக்கும் பணியும் சேர்ந்தது. 1969-இல் இச்சிரோ சிபட்டா குழுவினர் அந்நொதியை டிஇஏஇ-செஃபடெக்ஸ் மீது அயனிப் பிணைப்பால் நிறுத்தி, தூண்கலத்தில் அடைத்து, கரைசலை அதனூடே தொடர்ந்து செலுத்தினர். உற்பத்திச் செலவு ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. தொழில்நுட்பம் என்ற பொருளில் தொடக்கத்தை இங்கே வைப்பதே தகும்.

அயனிப் பிணைப்பு வலுக்குறைந்தது என்பர். உண்மையே, ஆனால் அவ்வலுக்குறைவே, செயல் தளர்ந்த தூணில் புதிய நொதியை ஏற்றி அதே தாங்கியை மீண்டும் பயன்கொள்ள இடமளித்தது.