காலடிப்பேட்டை: நெய்தவர் ஒருவர், பெயர் இன்னொருவர்

திருவொற்றியூர் போற வழியில இருக்கிற காலடிப்பேட்டைக்கும் காலடிக்கும் சம்பந்தமில்லை. 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலெட், கம்பெனிக்குத் துணி நெய்ய நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் இது. காலெட்பேட்டைதான் நம்ம வாயில காலடிப்பேட்டை ஆச்சு.

இன்று பிறர் எழுதியதை உரிமையோடு வாங்கி, தன் பெயர் போட்டு விற்பதை 'பிரைவேட் லேபிள்' என்கிறார்கள். கம்பெனி செய்ததும் கிட்டத்தட்ட அதுதான். முதலில் மாதிரித் துணி, முன்பணம். நெய்து வந்ததை மாதிரியோடு ஒப்பிட்டுத் தரம் பிரிப்பார்கள். தேறாததற்கு விலை குறையும், இல்லை திரும்பிவிடும். தேறியது கம்பெனி முத்திரையோடு லண்டன் ஏலத்துக்குக் கப்பலேறும்.

சோதனையெல்லாம் துணிக்குத்தான். நெய்தவர் யாருன்னு வாங்குறவருக்குத் தெரியாது. கடைசியில் ஊருக்கும் வாங்கியவர் பெயர்தான். ஆனா அந்தப் பெயரையும் நம்ம ஜனங்க தேய்ச்சுத் தேய்ச்சுக் காலடியாக்கிட்டாங்க.