நீரால் இயங்கிய பாவைகள்

இயந்திர மனிதன் என்றதும் இன்று நம் வீட்டுச் சிறுவர்களின் கண்முன் நிற்பது திரையில் கண்ட உலோக உருவமோ, கடைத்தெருவில் வாங்கிய விசைப் பொம்மையோ ஆகும். அத்தகைய பொம்மைகளைப் பெரும் பொருள் கொடுத்து வாங்கிக் கண்ணாடிப் பேழைகளில் சேகரித்து வைக்கும் பெரியவர்களும் உளர். ஆனால் ‘ரோபோ’ என்னும் சொல் வயதில் மிக இளையது. செக் நாட்டு எழுத்தாளர் கரேல் சாபெக் 1920ஆம் ஆண்டில் வெளியிட்ட நாடகம் ஒன்றில் அச்சொல்லை வழங்கினார். அவருக்கு அதனை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய சகோதரர் யோசெப். கட்டாய ஊழியத்தைக் குறிக்கும் செக் சொல்லே அதன் வேர்.

சொல் இளையதாயினும், தானே இயங்கும் உருவம் ஒன்றைச் சமைக்க வேண்டும் என்ற வேட்கை மிகப் பழையது. அவ்வேட்கையின் வரலாற்றில் முஸ்லிம் கைவினைஞர்கள் எழுதிய ஏடுகள் பல உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில், கலீபாக்களின் தலைநகராய் விளங்கிய பக்தாதில், முஹம்மது, அஹ்மது, ஹஸன் என்னும் மூன்று சகோதரர்கள் வாழ்ந்தனர். பனூ மூஸா என்று வரலாறு அவர்களைக் குறிப்பிடும். கி.பி. 850 அளவில் அவர்கள் இயற்றிய ‘கிதாபுல் ஹியல்’ என்னும் நூல் ஏறத்தாழ நூறு நுண்கருவிகளை விளக்குகின்றது.

அவர்கள் வழியில் மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பின் வந்தவரே அல்ஜஸரீ. திஜ்லா, ஃபுராத் என்னும் இரு நதிகளுக்கும் இடைப்பட்ட ஜஸீராப் பகுதியின் பெயரே அவர் பெயரோடு ஒட்டி நிற்கின்றது. இன்று துருக்கியில் தியார்பக்கிர் எனப்படும் ஆமித் நகரை ஆண்ட அர்துகிய மன்னர் குடும்பத்தில் தந்தைக்கும் மைந்தர் இருவருக்கும் அவர் பணியாற்றினார். இருபத்தைந்து ஆண்டுகள் அவ்வாறு கழிந்தபின், சுல்தான் நாஸிருத்தீன் மஹ்மூது அவரை அழைத்து, இவ்வளவு உழைப்பின் பயனும் வீணாகிவிடாமல் நூலாக எழுதி வைக்குமாறு பணித்தார். ஐம்பது கருவிகளை ஆறு பிரிவுகளாக வகுத்து விளக்கும் அந்நூல் 1206ஆம் ஆண்டில் நிறைவுற்றது.

அவற்றுள் பெரும் புகழ் பெற்றது யானைக் கடிகாரம். யானையின் வயிற்றினுள் ஒரு நீர்த்தொட்டி. அத்தொட்டியில் சிறு துளையிட்ட கிண்ணம் ஒன்று மிதக்கும். துளை வழியே நீர் சிறிது சிறிதாய் ஏறி, அரைமணி நேரத்தில் கிண்ணம் மூழ்கும். மூழ்குங்கால் அது கயிற்றை இழுக்க, மேலிருந்து ஓர் உலோக உருண்டை விடுபட்டுப் பாம்பின் வாயில் விழும். பாரத்தால் பாம்பு தலை கவிழ, அவ்விசையே மூழ்கிய கிண்ணத்தை மீண்டும் மேலே தூக்கிவிடும். யானைப்பாகனும் கையை ஓங்கி அடித்துப் பொழுதை அறிவிப்பான். துளையிட்ட கிண்ணம் நம் முன்னோர் கண்ட நாழிகை வட்டிலை நமக்கு நினைவூட்டுகின்றது. பாரத நாட்டில் நெடுங்காலம் வழங்கிய அந்த முறை, யானையோடு சேர்ந்தே ஆமித் நகரை எட்டியது போலும்!

நம் உள்ளத்தை நெகிழ்விக்கும் செய்தி வேறொன்று. உளூ செய்யும்போது பணியாளர் எவரும் தம் கைகளில் நீர் ஊற்றுவதை அந்தச் சுல்தான் விரும்பவில்லை. அதற்கென ஒரு கருவியைச் செய்து தருமாறு கேட்டார். கை கழுவுவதற்கென அல்ஜஸரீ அமைத்த கருவிகளுள் ஒன்றில், ஏவலன் வடிவிலான பாவை ஒரு கையால் நீர் வார்த்து, முடிந்ததும் மறு கையால் துவாலையையும் கண்ணாடியையும் நீட்டும். பிற்காலத்து நாடகாசிரியர் கட்டாய ஊழியத்தின் பெயரை இயந்திரத்திற்குச் சூட்டினார். அதற்கு ஏழு நூற்றாண்டுகள் முன்பே, ஒரு மனிதனின் ஊழியத்தைத் தவிர்க்க விரும்பிய மன்னருக்காக இயந்திரம் ஒன்று நினைக்கப்பட்டது. எனினும் அந்த இயந்திரமும் ஏவலனின் வடிவத்தையே பெற்றது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

மிகைப்படுத்தலும் நமக்கு வேண்டாம். இப்பாவைகள் சிந்திக்கவில்லை, சூழலை அறிந்து செயலை மாற்றிக்கொள்ளவில்லை. பல கருவிகள் அரசவைக் கேளிக்கைக்கும் மது விருந்துக்குமே பயன்பட்டன. ஆயினும் அதே நூலில் நீர் இறைக்கும் பொறிகள் ஐந்து உள்ளன. அவற்றுள் ஒன்று, ஆற்றின் ஓட்டத்தால் சக்கரம் சுழல, எதிரெதிரே அமைந்த இரு உருளைகளில் உந்துதண்டுகள் முன்னும் பின்னும் சென்று நீரை உறிஞ்சி மேலேற்றும் அமைப்பாகும். சுழற்சியை நேர் இயக்கமாக மாற்றும் இந்த முறையின் சிறப்பைப் பொறியியல் வரலாற்றாசிரியர்கள் பலரும் எடுத்துரைத்துள்ளனர்.

நூலின் உண்மையான பெருமை வேறிடத்தில் இருக்கின்றது. செய்து பார்த்துச் சரிகாணாத கலை, மெய்க்கும் பொய்க்கும் இடையே ஊசலாடும் என்பது அல்ஜஸரீயின் கொள்கை. ஆகவே எந்த உலோகம், என்ன அளவு, வார்ப்பு அச்சை எவ்வாறு அமைப்பது, மரம் வளையாதிருக்க என்ன செய்வது என்று படிப்படியாக எழுதினார். படங்கள் வரைந்து, உறுப்புகளுக்கு எழுத்துக் குறியிட்டார். பின்னால் வரும் கைவினைஞன் ஒருவன் படித்துச் செய்ய வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

காலத்தால் கருவிகள் அழிந்தன, நூல் எஞ்சியது. ஆனால் அந்நூலுக்கும் ஒரு சோதனை வந்தது. 1315, 1354 ஆகிய ஆண்டுகளில் எழுதப்பட்ட அழகிய பிரதிகளிலிருந்து படமுள்ள ஏடுகள் தனித்தனியே பிரிக்கப்பட்டு, கலைப்பொருள் சேகரிப்போர் கைகளுக்குச் சென்றன. யானைக் கடிகாரத்தின் ஏடு ஒன்று இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. வேறு சில பாஸ்டனிலும் வாஷிங்டனிலும் உள்ளன. கற்பதற்காக வரையப்பட்ட படம், பார்ப்பதற்குரிய பொருளாயிற்று.

சிதறியதைச் சேர்த்தவர்களும் இருந்தனர். டொனால்ட் ஹில் என்னும் ஆங்கிலப் பொறியாளர் அரபு கற்று, 1974இல் நூல் முழுவதையும் மொழிபெயர்த்தார். 1976இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் அல்ஜஸரீயின் மாபெரும் நீர்க்கடிகாரத்தை அவர் விளக்கப்படியே அமைத்து இயக்கிக் காட்டியது. 1979இல் அஹ்மது யூசுஃப் அல்ஹஸன் அரபு மூலத்தைப் பதிப்பித்தார். எழுதியவர் மறைந்து எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலான பின்பும் எழுத்தைப் பார்த்துக் கருவியைச் செய்ய முடிந்தது!

துபாய் சென்றுவரும் நம் பிள்ளைகள் இப்னு பதூதா வணிக வளாகத்தில் யானைக் கடிகாரத்தின் மாதிரியைக் கண்டிருப்பர். அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் “எங்கள் முன்னோர் செய்தது” என்று கூறி அத்தோடு திரும்பிவிட்டால், நாமும் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு எழுத்தைக் கைவிட்டவர்கள் ஆவோம். கிண்ணம் ஏன் மூழ்கியது, மீண்டும் எவ்வாறு எழுந்தது என்று பிள்ளை கேட்கட்டும். அடுக்களைப் பாத்திரத்தில் துளையிட்டுச் செய்தும் பார்க்கட்டும். நம் குடும்பங்களில் தச்சும் கொல்லும் கடிகாரப் பழுதும் அறிந்த முதியோர் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் கைகள் அறிந்ததைக் கேட்டு எழுதி வைக்க, சுல்தான் ஒருவரின் கட்டளை தேவையில்லை.