குடுமி முதல் பாக்ஸ் கட்டிங் வரை

'புள்ளிங்கோ கட்டிங்' வெச்ச பையன் பஸ்ல பக்கத்துல வந்து நின்னா, நம்ம கை தானா பையை இறுக்கிப் பிடிக்குது. உண்மைதானே? முடியை வெச்சு ஆளை எடை போடுற பழக்கம் இங்க ரொம்பப் பழசு. பொறுமையாப் படிங்க.

மெரினாவில் சிலையாக நிற்கும் கால்டுவெல், 1867-ல் குடுமிக்கென்றே ஒரு சிறு நூல் எழுதினார். மதம் மாறியவர்கள் குடுமியை வெட்டியே ஆகணும்னு மிஷனரிகள் சிலர் பிடிவாதம் பிடிச்ச காலம். குடுமி மத அடையாளம் அல்ல, இந்த ஊர் வழக்கம் என்பது அவர் வாதம்.

ஆமாம், அன்று பல சாதி ஆண்களுக்கும் குடுமி உண்டு. முன்குடுமி, பின்குடுமி என்று வகை வேறு. 'சோழியன் குடுமி சும்மா ஆடுமா' என்ற பழமொழி அந்த முன்குடுமியைச் சொல்வதுதான்.

அப்புறம் 'கிராப்பு' வந்தது. காசியில் குடுமியை எடுத்த பாரதி மாதிரி ஆட்களை ஆசாரமான வீடுகள் முகம் சுளித்தே பார்த்தன. இன்னைக்கு மயிலாப்பூர் மாடவீதியில் கிராப்பை யாரும் கவனிக்கிறதே இல்லை. குடுமியைத்தான் திரும்பிப் பார்க்கிறோம்.

70-களில் காதை மூடிய முடி, நீளக் கிருதா. அப்பவும் இதே திட்டுதான். அன்று திட்டு வாங்கியவர்கள்தான் இன்று பேரனைத் திட்டும் தாத்தாக்கள்.

இப்போ பாக்ஸ் கட்டிங். அமெரிக்காவின் டெக்சாஸில் லத்தீனோ பையன்களின் 'எட்கர் கட்'டுக்கும் இதே கிண்டல், இதே சந்தேகம். பக்கவாட்டில் ஒட்ட வெட்டி, நெற்றியில் நேர்கோடாக முடி. அவ்வளவுதான் அது.

கவனிங்க: தி.நகர், அடையாறு ஏசி சலூனில் வெட்டினா அது 'ஃபேட்', ஸ்டைல். குப்பத்துப் பையன் தெருமுனைக் கடையில் வெட்டினா 'ரவுடி'. மெஷின் ஒண்ணுதான். நாம பார்க்கிறது முடியை இல்லை, அவன் எந்த ஏரியான்னு.

டாக்டரா என் கவலை வேற. சவரத்துக்குப் புது பிளேடு போட்டாங்களான்னு கேளுங்க. பழைய பிளேடில் ஹெபடைட்டிஸ் பி பரவலாம். சின்னப் பசங்களுக்கு ஹேர் டை வேண்டாம்; அலர்ஜி வரலாம்.

மத்தபடி முடி மாசம் சுமார் 1 செ.மீ. வளரும். பிடிக்காத கட்டிங் ரெண்டு மாசத்துல மறைஞ்சிடும். வகுப்பு முன்னால நிற்க வெச்சு முடியைக் கத்தரிச்சா, அந்த அவமானத்துல பையன் ஸ்கூலுக்கே வராம நின்னுடலாம். ஆசிரியர்களும் பெற்றோரும் தயவுசெய்து யோசிங்க.