மூக்குக் காசநோய்: புறநோயாளர் பிரிவில் கண்டறிதலும் சிகிச்சையும்

மூக்குக் காசநோய், மைக்கோபாக்டீரியம் டியூபர்குலோசிஸ் கிருமி மூக்கின் உட்சவ்வைத் தாக்குவதால் வருவது. இத்தாலிய மருத்துவர் மோர்காக்னி 1761-இல் இதை விவரித்தார். காசநோய் மலிந்த இந்தியாவிலும் இது அரிது. பெரும்பாலும் நுரையீரலிலிருந்து இரத்தம் அல்லது நிணநீர் வழியே மூக்குக்கு வருகிறது. மூக்கிலேயே தொடங்குவதும் உண்டு.

மூக்கடைப்பு, சளி, பொறுக்குத் தட்டுதல், அவ்வப்போது இரத்தக் கசிவு ஆகியவை அறிகுறிகள். வலி அதிகம் இராது. அதனால் ஒவ்வாமை என்றோ சைனஸ் என்றோ மாதக்கணக்கில் மருந்து தரப்படுகிறது. அந்த மருந்துகளில் லீவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் இருந்தால் காசநோய்க் கிருமி சற்றே அடங்கி, நோயாளி தேறியதுபோலத் தெரியும். கண்டறிவது இன்னும் தள்ளிப்போகும்.

எண்டோஸ்கோப்பில் பார்த்தால் மூக்கின் இடைச்சுவரின் குருத்தெலும்புப் பகுதியிலும் கீழ்நாசிச் சங்கிலும் புண்ணோ சிறு கட்டிகளோ தெரியலாம்; இடைச்சுவரில் ஓட்டை விழுந்திருக்கலாம். மாறாக, சிபிலிஸ் பெரும்பாலும் இடைச்சுவரின் எலும்புப் பகுதியை அரிக்கும். தொழுநோய், பூஞ்சைத் தொற்று, புற்றுநோய், இரத்தக்குழாய் அழற்சி ஆகியவையும் இதே தோற்றம் தரக்கூடும். கண்ணால் பார்த்து முடிவு கட்டக் கூடாது, பயாப்சி தேவை.

அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, வெளிநோயாளியாகவே திசு எடுக்கலாம். பலரும் சறுக்குவது இதற்குப் பிறகுதான். எடுத்த திசு முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு வழியில்லை. ஒரு பகுதி ஃபார்மலினில் திசு ஆய்வுக்கும், மறு பகுதி சலைனில் சிபிநாட் என்ற மரபணுச் சோதனைக்கும் கிருமி வளர்ப்புக்கும் போக வேண்டும். மூக்குத் திசுவில் கிருமிகள் குறைவு. சாயச் சோதனையில் தென்படாததால் நோய் இல்லை என்றாகாது. தென்பட்டாலும் அது தொழுநோய்க் கிருமியாக இருக்கலாம். சிபிநாட் காசநோய்க் கிருமியை இனங்காண்பதுடன் ரிஃபாம்பிசினுக்கு அது கட்டுப்படுமா என்பதையும் சொல்லும். மார்பு எக்ஸ்ரே, சளி, எச்ஐவி, சர்க்கரைப் பரிசோதனைகளும் அவசியம்.

காசநோய்க்கு வீட்டில் இருந்தபடியே சிகிச்சை பெறுவது சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனையில் தங்குவதற்கு நிகரானது என்பதை 1950-களின் இறுதியில் நடந்த சென்னை ஆய்வு உலகுக்குக் காட்டியது. மூக்குக் காசநோய்க்கும் அதே வழிதான். மருந்துக்குக் கட்டுப்படும் கிருமி என்றால் இந்தியாவில் முதல் 2 மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்புட்டால். அடுத்த 4 மாதம் பைரசினமைடு தவிர்த்த மூன்றும். உடல் எடைக்கேற்ப தினமும் எடுக்க வேண்டும். அரசு இவற்றை இலவசமாகத் தருகிறது. ரிஃபாம்பிசினால் சிறுநீர் செம்மஞ்சளாவதற்குப் பயப்பட வேண்டியதில்லை. கண் மஞ்சளித்தாலோ பார்வை மங்கினாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். பொறுக்கு நீங்க உப்புநீரால் மூக்கைக் கழுவலாம்.

2012 முதல் இந்தியாவில் ஒவ்வொரு காசநோயாளியையும் தனியார் மருத்துவரும் அரசுக்கு அறிவித்தாக வேண்டும். இடைச்சுவர் ஓட்டையை மூடுவதும் சரிந்த மூக்குத்தண்டை நிமிர்த்துவதும் மருந்து முடிந்து நோய் அடங்கிய பிறகே செய்யப்படுகின்றன.