25 நாய்கள், ஒரு ஜீன், நம்ம வீட்டுக் கல்யாணம்

நாய்க்கு எதுக்குங்க ஜீன் டெஸ்ட்? நேத்து ஒருத்தர் கேட்டார். அதுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. கொஞ்சம் பொறுமையா வாசிங்க மக்களே.

நம்ம பக்கம் சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் குட்டி வாங்குறவங்க முதல்ல கேக்குறது "தாய் எது, தகப்பன் எது?"ன்னுதான். வம்சம் கலக்கக் கூடாது. ஆனா கலக்காத வம்சத்துல நல்லதோட சேர்ந்து நோயும் தங்கிடும்.

1924. பின்லாந்தைச் சேர்ந்த ஆலந்து தீவுகள்ல இருந்து 5 வயசுச் சிறுமி ஒருத்தியை டாக்டர் எரிக் வான் வில்லிபிராண்ட் கிட்ட கூட்டிட்டு வந்தாங்க. சின்னக் காயம்னாலும் ரத்தம் நிக்காது. அவளோட சகோதரிகள் சிலர் ஏற்கெனவே ரத்தப்போக்கில் இறந்திருந்தாங்க.

ஹீமோபிலியா பெரும்பாலும் ஆண்களுக்குத்தானே வரும்? இங்கே பெண்களும் பாதிக்கப்பட்டதால இது வேற நோய்னு 1926ல் அவர் எழுதினார். அந்தச் சிறுமி பருவமடைந்து, நான்காவது மாதவிடாயில் ரத்தப்போக்கு நிக்காமலே இறந்துபோனாள்.

காரணம் ஒரு புரதம். காயம் பட்ட இடத்துல தட்டணுக்களைப் பிடிச்சு ஒட்டவைக்கிறது அதோட வேலை. செங்கல்லுக்கு நடுவுல சிமெண்ட் மாதிரி. சிமெண்ட் இல்லேன்னா செங்கல் எவ்வளவு இருந்தும் சுவர் நிக்காது. அந்தப் புரதத்துக்கும் நோய்க்கும் அவர் பேரையே வச்சிட்டாங்க.

இப்ப நெதர்லாந்து. அங்கே கூய்க்கர்னு ஒரு நாய் இனம். வாத்துகளைப் பொறிக்குள்ள ஈர்த்துக் கொண்டு வர்ற நாய். இரண்டாம் உலகப்போர் சமயத்துல கிட்டத்தட்ட அழிஞ்சே போச்சு. ஹார்டன்புரூக் சீமாட்டி தேடித்தேடிச் சேர்த்தாங்க. மிச்சம் இருந்தது ஏறக்குறைய 25 நாய்கள்தான். இன்றைய கூய்க்கர் இனம் அந்தச் சில நாய்களோட வாரிசு.

அந்த ரத்தத்துலயே இந்த நோயும் ஒளிஞ்சிருந்தது, அதுவும் கடுமையான மூன்றாம் வகை. அப்பா அம்மா நாய் ரெண்டும் பார்க்க நல்லா இருக்கும். ஆனா ரெண்டும் பழுதான ஜீனை ஒவ்வொண்ணு வச்சிருக்கும் (இவங்களைத்தான் கேரியர்னு சொல்றோம்). ரெண்டும் சேர்ந்தா ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர 25% வாய்ப்பு.

1998ல் அந்த ஜீன் பழுது எதுன்னு விஞ்ஞானிகள் பிடிச்சாங்க. அதுக்கப்புறம் கொஞ்சம் ரத்தம் எடுத்து டிஎன்ஏ பார்த்தாலே போதும், எது கேரியர்னு தெரிஞ்சிடும். இணை சேர்க்குறதுக்கு முன்னாடியே டெஸ்ட் பண்ணாங்க. இன்னைக்கு அங்கே அந்த நோயோட குட்டி பிறக்குறதே அரிது.

முக்கியமான பாடம்: கேரியர் நாயை ஒதுக்கவோ கொல்லவோ தேவையில்லை. கேரியரும் கேரியரும் சேராம பாத்துக்கிட்டாலே நோய்க்குட்டி பிறக்காது. ஏற்கெனவே சின்ன இனம். எல்லா கேரியரையும் நீக்கினா நல்ல ஜீன்களும் சேர்ந்து போயிடும்.

சரி டாக்டர், இதுல நமக்கு என்ன?

தமிழ்நாட்டுல 100 கல்யாணத்துல சுமார் 28 சொந்தத்துக்குள்ள நடக்குதுன்னு தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு (2019-21) சொல்லுது. தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகள்... ஒரே தாத்தா பாட்டி வழியா அதே பழுதான ஜீன் ரெண்டு பேருக்கும் வர வாய்ப்பு அதிகம். மூன்றாம் வகை வான் வில்லிபிராண்ட் நோய் இப்படித்தான் வருது.

யாரையும் குத்தம் சொல்லல. சொந்தத்துல கட்டின எல்லாருக்கும் நோய்க்குழந்தை பிறக்கப் போறதும் இல்ல. ஆனா கீழே உள்ளது உங்க குடும்பத்துல இருந்தா கல்யாணப் பேச்சுக்கு முன்னாடி டாக்டரைப் பாருங்க.

🔴 மாதவிடாய் 7 நாளைத் தாண்டுறது, மணிக்கு ஒரு நாப்கின் மாத்துறது
🔴 பல் பிடுங்கினா மணிக்கணக்கா ரத்தம்
🔴 அடிக்கடி மூக்குல ரத்தம், காரணமில்லாம உடம்புல கன்னிப்போன தடம்
🔴 பிரசவத்துல அளவுக்கு மீறின ரத்தப்போக்கு

"எங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாருக்கும் இப்படித்தான் சார் போகும்"னு சொல்றாங்க பாருங்க, அதுதான் எனக்கு பயம். எல்லாருக்கும் போகுதுன்னா அது சகஜம்னு அர்த்தமில்ல, பரம்பரையா வருதுன்னு அர்த்தம் இருக்கலாம்.

இதுக்கு தனி ரத்தப் பரிசோதனை இருக்கு. சாதாரண டெஸ்ட்ல தட்டணு எண்ணிக்கை நார்மலா வந்ததும் விட்டுடாதீங்க. தேவைப்பட்டா ஜீன் பரிசோதனைக்கு வேலூர் சிஎம்சி மாதிரி இடங்கள் இருக்கு. நோய் உறுதியானா மருந்தும் இருக்கு. அதுவரை ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகளை நீங்களா வாங்கிப் போடாதீங்க.

ஜாதகத்துல பத்துப் பொருத்தம் பாக்குறோம். இந்தக் குடும்பக் கதையையும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க.


அரசு மருத்துவர், பாபநாசம், தாமிரபரணிக்கரை