மக்காச்சோளச் சாகுபடியில் கழிவுநீர்க் கசடும் சாம்பலும்

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத் தொட்டிகளின் அடியில் படியும் சேறும், வீட்டுக் கழிவறைத் தொட்டிகளிலிருந்து லாரிகளில் உறிஞ்சி எடுக்கப்படும் மலக்கசடும் உலர்த்திப் பதப்படுத்தப்பட்ட பின் மண்வளமூட்டியாகப் பயன்படுகின்றன. கசடில் தழைச்சத்தும் மணிச்சத்தும் துத்தநாகமும் மிகுந்திருக்க, நீரில் எளிதில் கரையும் சாம்பல்சத்து கழிவுநீரோடு வெளியேறிவிடுவதால் அது மட்டும் குறைந்தே காணப்படும். விறகுச் சாம்பலின் இயல்பு இதற்கு நேர்மாறானது. எரியும்போது தழைச்சத்து காற்றில் கலந்துவிட, சாம்பல்சத்தும் சுண்ணாம்பும் எஞ்சி நிற்கின்றன. இரண்டையும் ஒரே வயலில் பயன்படுத்தும் எண்ணத்திற்கு இதுவே அடிப்படை.

தமிழ்நாட்டில் இவ்வகைப் பயன்பாடு புதிதன்று. மதுரை அவனியாபுரத்தில் நகரக் கழிவுநீரைப் பாய்ச்சித் தீவனப்புல் வளர்க்கப்பட்டது. திருச்சி மாவட்டம் முசிறியில் 'ஸ்கோப்' தொண்டு நிறுவனம் அமைத்த உலர் கழிவறைகளில், ஒவ்வொரு முறையும் மலத்தின் மீது சாம்பல் தூவப்பட்டது. ஈரம் வற்றிக் காரத்தன்மை ஏறுவதால் நோய்க்கிருமிகள் மடிய, எஞ்சியது எருவாயிற்று. கழிவறைக் கசடு மேலாண்மைக்கான வழிகாட்டு நெறிகளைத் தமிழக அரசு 2014இல் வெளியிட்டது. அதன்பின் கருங்குழி போன்ற பேரூராட்சிகளில் கசடு உலர்த்தும் படுகைகள் அமைந்தன.

தேனி மாவட்டத்தில், வருசநாட்டு மலையடிவாரத்தில் மூல வைகை பாயும் மயிலாடும்பாறை வட்டாரத்திற்குக் கசடு, சாம்பல் இவற்றின் சத்துக் கணக்கைப் பொருத்திப் பார்க்கலாம். பாசன வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு எக்டருக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகள் முறையே 250, 75, 75 கிலோவும், அவற்றுடன் 12.5 டன் தொழுவுரமும் 37.5 கிலோ துத்தநாக சல்பேட்டும் இடுமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. உலர் கசடில் தழைச்சத்து 3 விழுக்காடும் மணிச்சத்து 2 விழுக்காடும் இருப்பதாகக் கொண்டால், 5 டன்னில் 150 கிலோ தழைச்சத்து அடங்கும். ஆனால் முதற்பருவத்தில் பயிருக்குக் கிடைப்பது அதில் ஏறத்தாழ கால் பங்குதான் என்பதால் யூரியா மேலுரம் தவிர்க்க முடியாதது. மணிச்சத்தோ 100 கிலோவாகி, பரிந்துரையைத் தாண்டிவிடும். தழைச்சத்துத் தேவை முழுவதையும் கசடைக் கொண்டே நிறைவு செய்ய முயன்றால், ஆண்டுதோறும் மணிச்சத்து மண்ணில் தேங்கும். ஒரு டன் விறகுச் சாம்பலில் சுமார் 50 கிலோ சாம்பல்சத்து இருக்கக்கூடும். உமிச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவே என்பதால் அது இதற்கு ஈடாகாது.

அமிலத்தன்மை மிகுந்த மலைமண்ணில் சாம்பல் சுண்ணாம்பின் வேலையைச் செய்யும். நடுநிலையிலோ காரநிலையிலோ உள்ள சமவெளி நிலத்தில் மிகுதியாக இட்டால், மண்ணிலுள்ள துத்தநாகமும் இரும்பும் வேருக்கு எட்டாத நிலைக்குச் சென்று, இளம்பயிரின் குருத்து வெளுக்கும்; கசடு கொண்டுவரும் துத்தநாகத்தைச் சாம்பலே முடக்கிவிடும் என்பது கவனிக்கத்தக்கது. ஆகவே மண்பரிசோதனை இல்லாமல் சாம்பலைக் கூட்டுவதைக் காட்டிலும் குறைப்பதே நல்லது. பச்சைக் கசடோடு சாம்பலைக் கலந்தால் அம்மோனியா ஆவியாகித் தழைச்சத்து வீணாகும். கசடை மக்கவைத்து அடியுரமாக இட்டு, சாம்பலைத் தனியே தூவுவது இவ்விழப்பைக் குறைக்கும்.

கசடிலுள்ள உருளைப்புழு முட்டைகள் மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கும். மக்கும் குவியலின் உட்புறம் 55 டிகிரி செல்சியசுக்கு மேல் பல நாள் நீடிப்பதும், ஓரங்கள் உள்ளே செல்லும்படி குவியலைத் திருப்பிப் போடுவதும் அவற்றை அழிக்கும். கன உலோகங்கள் இவ்வாறு அழிவதில்லை. உரக் கட்டுப்பாட்டு ஆணை நகரக் கம்போஸ்டுக்கு விதித்துள்ள உச்சவரம்பு, கிலோவுக்குக் காட்மியம் 5, ஈயம் 100, துத்தநாகம் 1000 மில்லிகிராம் ஆகும். சாயப்பட்டறை, மின்முலாம் பட்டறைக் கழிவு கலந்த கசடு இவ்வரம்பை மீறக்கூடும். வீட்டுத் தொட்டிக் கசடில் அவ்வாய்ப்பு குறைவு.

மக்காச்சோள மணியில் காட்மியம் குறைவாகவே சேர்கிறது. இலையும் தண்டுமே அதை மிகுதியாக ஏற்கின்றன. மணி பெரும்பாலும் கோழித்தீவனமாக விற்பனைக்குச் செல்ல, தட்டை ஊர் மாடுகளுக்கே போடப்படுவதால், ஆய்வுக்கூடத்திற்கு அனுப்ப வேண்டியது மணி மட்டுமன்று, தட்டையுமாகும். மூல வைகையின் நீர் வைகை அணைக்குச் சென்று மதுரையின் குடிநீராகவும் பயன்படுவதால், ஓடைக்கரைகளை ஒட்டிய வயல்களிலும் கனமழைக்கு முன்பும் கசடு இடுவது தவிர்க்கப்பட வேண்டியதாகும்.